பகல் தண்ணீர்

சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அதை எதில் கொண்டுவருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. இருமல் மருந்து பாட்டிலில் வரும், கலர் குடித்த பாட்டிலில் வரும், ஊறுகாய் டப்பாவில் வரும். ஒரு அண்ணாச்சி எவர்சில்வர் தூக்குவாளியில் மூடி போட்டுக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திறந்தால் முந்தின நாள் ரசத்தின் வாசனை. "கழுவித்தாம்மா கொண்டாந்துருக்கேன்" என்று அவருக்கு என்மேல் வருத்தம். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது எங்கள் லேப். அங்கே வந்து போகிறவர்களுக்கு என் குரல் பழகிவிட்டது. அந்த அக்கா ஏசுவா, ஆனா ரிப்போர்ட் சரியா இருக்கும் என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். எனக்கு அது போதும்.

ஏசுவதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளியின் உடம்புக்குள் எந்தக் கிருமி இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். ரச வாளியில் இருந்த கிருமியைப் பார்த்துச் சொன்னால், டாக்டர் அதற்கு மருந்து எழுதுவார். காய்ச்சல் அது பாட்டுக்கு இருக்கும்.

கிருமிகளை இனம் பிரிக்க முதலில் செய்வது சாயம் போடுவதுதான். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டைத் தடவி, காயவைத்து, லேசாகத் தீயில் காட்டி, ஊதாச் சாயத்தை ஊற்றுவேன். பிறகு அயோடின். அதற்குமேல் ஆல்கஹால் விட்டு அலசுவேன். கடைசியாகச் சிவப்புச் சாயம். சில கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அவை கிராம் பாசிட்டிவ். சிலவற்றில் ஊதா கழன்று போய், பின்னால் வந்த சிவப்பு ஏறி ரோஸ் நிறமாகத் தெரியும். அவை கிராம் நெகட்டிவ். படிக்கிற காலத்தில் அந்த ரோஸ் எனக்குப் பிடித்திருந்தது. வேலைக்கு வந்த பிறகு அதைக் கண்டாலே எரிச்சல்தான். இந்த ரோஸ் கூட்டத்துக்கு உடம்பின்மேல் கூடுதலாக ஒரு போர்வை உண்டு. பல மருந்துகள் அந்தப் போர்வையைத் தாண்டி உள்ளே போகாது. அந்தப் போர்வையிலேயே விஷமும் இருக்கிறது. கிருமி செத்து உடையும்போது அது இரத்தத்தில் கலந்து ஆளை நடுங்க வைக்கும், இரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கும். உயிரோடு இருந்தாலும் தொல்லை, செத்தாலும் தொல்லை. இதையெல்லாம் வருகிறவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. என் தம்பிக்கு மட்டும் ஒருமுறை விளக்க வேண்டி வந்தது.

தம்பி செம்மறி ஆடு வளர்க்கிறவன். எங்கள் ஊர் குருவிகுளத்துக்குக் கிழக்கே, மழையை நம்பிக் கிடக்கிற கரிசல் பூமி. நான் படித்து லேப் வேலைக்கு வந்து, சங்கரன்கோவிலிலேயே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டேன். அவன் ஆடுகளோடு நின்றுவிட்டான். மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம். அறுவடை முடிந்ததும், அடுத்த மழை வரும்வரை காடுகள் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் காட்டுக்காரர்கள் தம்பிக்கு ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். ஆடுகளை ஓட்டிப் போய் அவர்கள் காட்டில் இரவு அடைத்துப் போடுவான். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கி உரமாகும். கிடை போடுவது என்று அதற்குப் பெயர். ஒரு காட்டில் சில நாள், பிறகு அடுத்த காடு. அவனும் அவன் பெண்டாட்டியும் தார்ப்பாயையும் சட்டிபானைகளையும் தூக்கிக்கொண்டு ஆடுகளின் பின்னாலேயே நகர்வார்கள்.

ஆடு விஷயத்தில் அவனிடம் வாய் கொடுக்க முடியாது. இடுப்பில் கைபோட்டு ஒரு தூக்குத் தூக்கினால் ஆட்டின் எடையைச் சொல்லிவிடுவான். தூரத்தில் மேய்கிற கூட்டத்தைப் பார்த்தபடியே, "அந்தக் காதறுந்தது இன்னைக்குத் தண்ணி குடிக்கல" என்பான். போய்ப் பார்த்தால் அதன் வயிறு ஒட்டித்தான் இருக்கும். ஊசியும் அவனே போட்டுவிடுவான். கால்நடை மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் ஆடு மிஞ்சாது என்பது அவன் வாதம். அதில் பொய்யும் இல்லை, கிடை கிடக்கிற இடத்துக்கு வண்டிப் பாதையே இருக்காது. மருந்து பாட்டில்களையும் சிரிஞ்சுகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வெயில் படாமல் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருப்பான். எடையைப் பார்த்துக் கணக்குப் போட்டு மருந்தை இழுப்பான். பக்கத்துக் கிடைக்காரர்களும் அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆட்டு டாக்டர் என்று முதலில் கேலியாகச் சொன்னவர்கள், பிறகு கேலி இல்லாமலே அப்படிச் சொன்னார்கள். அவனுக்கு அதில் பெருமை. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் லேப் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சாக்கு விரித்து அதன்மேல் தம்பி பெண்டாட்டி படுத்திருந்தாள். அந்த வெயிலில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பல்லைக் கிட்டித்தபடி நடுங்கினாள். விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் கையை வைத்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க மதினி" என்றாள், என்னவோ நான்தான் அவள் வீட்டுக்கு வந்திருப்பதுபோல.

"லேபுக்கு எதுக்குலே கொண்டாந்தே? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலே மூதி!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ டெஸ்ட் பண்ணுவேல்லா, அதான்" என்றான்.

இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா பார்த்த உடனே படுக்கையில் போடச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். சிறுநீர்ப் பையில் இருந்த கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போயிருக்கும் என்றார். நான் கையோடு கொண்டுபோன சுத்தமான பாட்டிலில் சிறுநீர் பிடித்தேன், இரத்தமும் எடுத்தேன். டாக்டரம்மா தம்பியிடம் கேட்டார்.

"இதுக்கு முன்னால மாத்திரை, ஊசி ஏதும் எடுத்தாங்களா?"

"ஊசி போட்டுத்தான் இருக்கு டாக்டரம்மா. நாந்தான் போட்டேன்."

"நீங்க கம்பவுண்டரா?"

"இல்ல, ஆட்டுக்காரன். ஆட்டுக்குப் போடுத ஊசிதான், நல்ல மருந்து. இவ ஒண்ணரைக் கிடா எடை இருப்பா. அந்தக் கணக்குக்குத்தான் இழுத்தேன், கூடப் போடல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் தம்பியின் முகத்தில் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை. சரியாகச் செய்த வேலையைச் சொல்கிறவன் முகம் அது.

"எத்தனை தடவை போட்டிருப்பீங்க?"

"நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் போடுவேன். ஒரு ஊசி போட்டா மறுநாள் எந்திரிச்சு நடமாடிருவா. எந்திரிச்சதும் நிறுத்திருவேன். மருந்தை வீணாக்கக் கூடாதுல்லா."

அவனைச் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை.

"உனக்கென்ன கோட்டியாலே பிடிச்சிருக்கு? அவ பொம்பளையா, கிடாயா?"

"கத்தாதக்கா. மருந்துக் கடையில கேட்டுத்தான் செஞ்சேன். இதே மருந்துக்குச் சொந்தக்கார மருந்துதான் மனுசருக்கும் வேற பேர்ல வருதுன்னான். அப்புறம் என்ன? டவுனுக்கு வரணும்னா யார் ஆட்டைப் பாக்குறது?"

அவன் சொன்னதில் ஒரு பாதி சரி. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள்தான். ஆபத்தே அதில்தான். ஒரு ஊசி போட்டு, கடுப்பு நின்றதும் நிறுத்தினால், சாவது எளிதில் சாகிற கிருமிகள் மட்டும்தான். தாக்குப் பிடித்த கிருமிகள் உள்ளேயே இருந்து பெருகும். அடுத்த தடவை அதே மருந்தை எடுத்துக்கொண்டு போனால் அவை அசையாது. அதே குடும்பத்தில் மனிதருக்கு எழுதுகிற மருந்துக்கும் அசையாது. அதை அவனிடம் அப்போது சொல்ல என்னால் முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். உள்ளே இருந்து அவள் குரல் கேட்டது, நடுக்கத்தில் சொற்கள் துண்டு துண்டாக விழுந்தன.

"அவுகள ஏசாதீங்க மதினி. போடச் சொன்னதே நாந்தான்."

லேபுக்கு ஓடினேன். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ரோஸ் நிறத்தில் குச்சி குச்சியாக, பார்க்கிற இடமெல்லாம் நிறைந்து கிடந்தன. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கிராம் நெகட்டிவ் என்றேன். வழக்கமாக இதற்குப் போடுகிற ஊசியை ஏற்கனவே ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். அது கேட்குமா, கேட்காதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அதற்கு வட்டத் தட்டில் ஜெல்லிபோல ஊற்றி உறையவைத்த சத்துணவின்மேல் கிருமியைச் சீராகப் பூச வேண்டும். பூசியதன்மேல் சின்னச் சின்ன வெள்ளைக் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கும். தட்டை உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் தெரியும். முறைப்படி என்றால் கிருமியை முதலில் தனியாக வளர்த்து, அதிலிருந்து எடுத்துப் பூச வேண்டும். அதற்கு இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஆகும். முறைப்படி முதலில் வளர்க்க ஒரு தட்டும், சிறுநீரிலிருந்தே நேராகப் பூசி இன்னொரு தட்டும் போட்டேன். அவளுக்கு அந்த ஒரு நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் லேபைத் திறக்கும்போது தம்பி வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இறங்கவில்லை, பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது என்றான். தன்னையே யார் என்று கேட்டாள் என்றான். அதைச் சொல்லும்போது அவன் உதடு கோணியது. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். இந்தக் கிருமி வளர்ந்தால் ஒரு வாடை வரும், பழகியவர்களுக்குத் தெரியும். அந்த வாடை என் முகத்தில் அடித்தது. தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.

மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல், தெளிவாக ஒரு வட்டம் விழும். அந்தத் தட்டில் வில்லைக்கு வில்லை கிருமி மண்டிக் கிடந்தது. டாக்டரம்மா போட்டுக்கொண்டிருந்த ஊசியின் வில்லையைச் சுற்றியும் அப்படித்தான். இரண்டே இரண்டு வில்லைகளைச் சுற்றித்தான் வட்டம் விழுந்திருந்தது. அதிலும் ஒன்று சிறுநீரகத்தைப் பாதிக்கிற மருந்து. ஏற்கனவே சிறுநீரகம் கெட்டுக் கிடக்கிறவளுக்கு அதைக் கொடுக்கத் துணிய மாட்டார்கள். மிச்சம் மெரோபெனம் ஒன்றுதான். வேறெதுவும் கேட்காதபோது எடுக்கிற மருந்து அது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது, அந்த ஊசியை இங்கேயே ஆரம்பித்து அனுப்புகிறேன், ஆம்புலன்சைக் கூப்பிடுகிறேன் என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தம்பி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். லேபுக்குள் யாரையும் விட மாட்டேன். அன்றைக்கு வெளியே போ என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னக்கா இது?"

மூடியை ஒட்டிவிட்டுத் தட்டை அவனுக்குக் காட்டினேன். "அவ மூத்திரத்துல இருந்த கிருமி. வெள்ளையா இருக்குல்லா, அது ஒவ்வொண்ணும் ஒரு மருந்து. மருந்துக்குப் பயந்தா, அதைச் சுத்தி வளராம ஒதுங்கி நிக்கும்."

குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நாயைக் கண்டா ஆடு ஒதுங்குத மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"இதுல ஆடு ஒதுங்கவே இல்லையே. நாயை ஒட்டிப் படுத்துக் கிடக்கே."

தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

"நான் போட்டது எது?"

அதே குடும்பத்து மருந்தின் வில்லையைக் காட்டினேன். வில்லையின் விளிம்புவரை கிருமி அப்பிக் கிடந்தது. அவன் நிமிராமலே கேட்டான்.

"நான் போட்டதுனாலயா அக்கா?"

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்று எனக்குப் பெயர். ஆமாலே என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவ்வளவு கோபம். ஆனால் அந்தத் தட்டுக்கு அது தெரியாது. எந்த மருந்து கேட்காது என்றுதான் தட்டு சொல்லும், யாரால் கேட்காமல் போனது என்று சொல்லாது. இவன் போட்ட ஊசிகள் காரணமாக இருக்கலாம். காய்ச்சல் என்றதும் மெடிக்கலில் ஒரு செட்டு மாத்திரை என்று கேட்டு, இரண்டு வேளைக்கு வாங்கி விழுங்குகிறோமே, அதுவாக இருக்கலாம். ஆட்டுக்குப் போட்ட மருந்தில் தப்பிய கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து இவளிடம் வந்திருக்கலாம். இந்தக் கிருமிகள் தாக்குப் பிடிக்கிற வித்தையைத் தங்களுக்குள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளவும் செய்யும். எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம்.

"தெரியலலே" என்றேன். "அதை இதுல பாக்க முடியாது."

அவனைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை, உண்மை அதுதான். அவன் நம்பவில்லை. அவன் நம்பாமல் போனதில் அந்த நேரத்தில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

திருநெல்வேலியில் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். நாங்கள் வெளியே வராந்தாவில் கிடந்தோம். ஆடுகளைப் பக்கத்துக் கிடைக்காரர் பார்த்துக்கொண்டார். கதவு திறக்கும்போதெல்லாம் தம்பி எழுந்து நிற்பான், பிறகு உட்கார்வான். ஒரே ஒரு வில்லையைச் சுற்றி இருந்த வட்டம்தான் என் கண்ணில் நின்றது. அது போதுமான அளவு பெரிய வட்டம்தானா, சரியாகத்தான் அளந்தேனா என்று மனசுக்குள் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். முறைப்படி போட்ட தட்டைப் பார்த்துவிட்டு லேபில் இருந்து என்னோடு வேலை செய்கிற பெண் போன் செய்தாள். அதிலும் அப்படியேதான் வந்திருந்தது. அதற்கப்புறம் செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெறும் மனுஷியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. கும்பிடுகிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

காய்ச்சல் இறங்கியது. ஒரேயடியாக இல்லை. இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, பிறகு ஏறவில்லை. அவளைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். முகம் சுருங்கிச் சின்னப்பிள்ளை முகம்போல ஆகியிருந்தது. சிறுநீரகம் பழையபடி ஆகாது, கொஞ்சம் கெட்டது கெட்டதுதான் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் ஆளை அடையாளம் கண்டு பேசினாள், கஞ்சி கேட்டாள். அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் வயதில் சின்னவர். அவசரம் இல்லாமல் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார்.

"அடிக்கடி இந்தக் கடுப்பு வருதுன்னு எழுதியிருக்கே. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"பொழுது அடைஞ்சப்புறம் ரெண்டு மூணு செம்பு குடிப்பேன் சார்."

"பகல்ல?"

"பகல்ல குடிக்க மாட்டேன்."

"ஏன்?"

அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு, டாக்டருக்குப் பதில் சொன்னாள்.

"கிடையில எங்கன போறது? மரம், செடி ஒண்ணும் கிடையாது. எந்தப் பக்கம் பாத்தாலும் ஆளு தெரியும். குடிச்சாத்தானே வரும்னு குடிக்க மாட்டேன். அப்படியும் வந்தா, இருட்டுதவரை அடக்கிக்கிடுவேன்."

"சித்திரை வெயில்லயுமா?"

"வாய் காஞ்சா கொப்புளிச்சுத் துப்பிருவேன்."

அதனால்தான் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகுகிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை கடுப்பு என்றால் எந்த மருந்தும் போடாமல் முதலில் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும், இவளுக்கு இனி இருப்பது ஒரே மருந்துதான், அதுவும் கேட்காமல் போனால் கையில் வேறு எதுவும் கிடையாது என்றும் சொன்னார். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு. எங்கள் கரிசலில் நின்றால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம்வரை தெரியும். ஆண்கள் நின்ற இடத்தில் திரும்பி நின்றுகொள்வார்கள். ஆட்டு மூத்திரத்துக்காக ஆள் விட்டுக் கூப்பிடுகிற காட்டில், இவள் ஒதுங்க மறைவாக ஓரிடம் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதும் இல்லை.

"கல்யாணம் ஆனதுல இருந்தா?" என்று தம்பி கேட்டான்.

"ஆமா."

"என்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாம் எப்படிச் சொல்லுறது?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்து நான் தேடிப் போனேன். வராந்தாவின் கடைசியில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றதும் தலையைத் தூக்காமல் சொன்னான்.

"காதறுந்தது தண்ணி குடிக்கலன்னா, நின்ன இடத்துல இருந்தே சொல்லிருவேன்லக்கா."

அப்புறம் அழுதான். தட்டைப் பார்த்தபோது அழாதவன், அவள் தன்னை யார் என்று கேட்டபோது அழாதவன், அந்தக் குழாயடியில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதான். அவன்மேல் மிச்சம் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது. எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் தொட்டுத் தேற்றுகிற பழக்கம் கிடையாது. அவன் தலையில் கையை வைத்தேன். எண்ணெய் காணாத தலை, முள்ளுப்போல இருந்தது. அவன் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

அந்த வருஷம் மீதிக் கிடைக்கு அவளை அவன் கூட்டிப் போகவில்லை. புரட்டாசியில் மழை பெய்து, விதைத்து, அறுத்து, மாசியில் காடுகள் மறுபடி காலியாயின. இந்தத் தடவை அவளும் போவேன் என்று நின்றாள். வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்திருக்க முடியாது, ஆட்டுக்குட்டிகளை அவன் ஒருத்தனால் பார்க்கவும் முடியாது என்றாள். எனக்குப் பயம்தான். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தம் செய்த பாட்டில்கள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு குருவிகுளம் பஸ் ஏறினேன். இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசலில் நடந்தேன். ஆடுகள் கண்ணில் படுவதற்கு முன்னால் வேறொன்று பட்டது. காட்டின் ஒரு மூலையில் நான்கு கம்பு ஊன்றி, பழைய சேலைகளை இரண்டு சுற்றாகச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு சேலை நீலம், இன்னொன்றில் பெரிய பெரிய மஞ்சள் பூ. அந்த மண்நிறத்துக்கு நடுவில் அது பளிச்சென்று தெரிந்தது. எந்தக் காட்டுக்குப் போனாலும் ஆடுகளை அடைக்கிற வலையைக் கட்டுவதற்கு முன்னால் தம்பி அதைத்தான் முதலில் கட்டுகிறானாம். காட்டுக்காரர் ஒருவர், "என்னவே, காட்டுல பந்தல் போடுதீரு, கல்யாணமா?" என்று சிரித்திருக்கிறார். "அது இல்லன்னா ஆடு உள்ள இறங்காது அண்ணாச்சி" என்று இவன் சொல்லியிருக்கிறான். இதை அவள்தான் எனக்குச் சொன்னாள். தம்பி பக்கத்தில் நின்று காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மருந்து டப்பா அங்கேதான் இருந்தது. ஆட்டுக்கு இன்னும் அவன்தான் ஊசி போடுகிறான், போடாதே என்றால் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டுவிட்டுப் போடுகிறான், அவர் சொன்ன நாள் முழுக்கவும் போடுகிறான். நான் அதற்கும் இரண்டு வார்த்தை ஏசினேன், பழக்க தோஷம்.

நான் கொண்டுபோன பாட்டிலில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் சேலை மறைப்புக்குள் போய்வந்தாள். அதை வாங்கி, ஈரத்துணி சுற்றிப் பைக்குள் வைத்தேன். கடுப்பு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறாள். இருந்தாலும் மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து தட்டைப் பார்க்கும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

உச்சி வெயில். ஆடுகள் ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையைக் கொடுத்து நின்றன. அவள் பானையில் இருந்து ஒரு செம்பு மொண்டு, அந்த வெட்டவெளியில் நின்று அண்ணாந்து குடித்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. செம்பைக் கீழே இறக்கிவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வெயில் நேரத்துல தண்ணி இவ்வளவு ருசியா இருக்கும்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும் மதினி" என்றாள்.

தம்பி அந்தப் பக்கம் திரும்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பாமலே சொன்னான்.

"இன்னொரு செம்பு குடிட்டி."

அவள் மொண்டு குடித்தாள்.